என் மனைவியின் பகல் தூக்கம்

என் மனைவி போலீஸ் சப்-இன்ஸ்பெக்டர். தாம்பரத்தை ஒட்டிய ஒரு ஸ்டேஷனில் குற்றப் பிரிவில் இருந்தாள். இதைச் சொன்னதும் யாராக இருந்தாலும் கேட்கிற முதல் கேள்வி, "அப்போ வீட்ல பாஸ் யார் சார்?" என்பதுதான். அதற்குச் சிரித்துச் சிரித்து எனக்குத் தாடை வலித்துவிட்டது. ஒரே ஒரு ஆளாவது, "அவங்க எப்போ சார் தூங்குவாங்க?" என்று கேட்டிருந்தால் அவரை வீட்டுக்குக் கூப்பிட்டு விருந்து வைத்திருப்பேன்.

எங்கள் வீட்டுப் பிரச்சினை அது ஒன்றுதான். மகளுக்குப் பள்ளிக்கூடம் கிடைத்துவிட்டது, வீட்டு லோன் பாதி அடைந்துவிட்டது, மெட்ரோ வாட்டர்கூட வாரத்துக்கு இரண்டு முறை வந்துவிடுகிறது. தூக்கம்தான் வரவில்லை. வரவில்லை என்றுகூடச் சொல்லக்கூடாது. வரும். வந்த தூக்கத்தைத் தூங்க விடமாட்டார்கள்.

ஒரு நாள் விட்டு ஒரு நாள் அவளுக்கு இரவு ரவுண்ட்ஸ். விடிந்ததும் வீட்டுக்கு வந்துவிட வேண்டும் என்பது கணக்கு. ஆனால் விடிந்ததும்தான் கோர்ட்டில் சாட்சி இருக்கும், ஆஸ்பத்திரியில் அடிபட்டவனின் வாக்குமூலம் இருக்கும். கோவளத்தில் யாரோ பெரிய மனிதர் வந்து தங்குகிறார் என்றால் ஈ.சி.ஆர். ஓரம் வெயிலில் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்க வேண்டும். சிங்கப்பெருமாள் கோவிலில் உற்சவக் கூட்டம் என்றால் அங்கே. இதெல்லாம் முடிந்து முன்பகலிலோ மதியத்திலோ வீட்டுக்கு வந்து, பெல்ட்டைக்கூடக் கழற்றாமல் கட்டிலில் விழுவாள்.

நான் சிறுசேரியில் மென்பொருள் கம்பெனியில் இருக்கிறேன். கொரோனாவுக்குப் பிறகு வாரத்தில் பாதி நாள் வீட்டிலிருந்தே வேலை. அதனால் அவள் தூக்கத்துக்குக் காவல் நான். ஊருக்குப் போலீஸ் அவள், அவளுக்கு வாட்ச்மேன் நான்.

சேலையூர் தாண்டி உள்ளே போகிற எங்கள் காலனியைப் பற்றி விற்றவர் சொன்னது, "அமைதியான ஏரியா சார்." வாங்கிய வருஷமே பக்கத்து மனையில் பழைய ஓட்டு வீட்டை இடித்தார்கள். இடித்து முடித்ததும் தண்ணீருக்குப் போர் போட்டார்கள். போர் போட்டு முடித்ததும் ஃபிளாட் கட்ட ஆரம்பித்தார்கள், இன்னும் கட்டுகிறார்கள். காலையில் வெங்காய வண்டி ஒலிபெருக்கியோடு வரும். வெங்காயம் போனால் பழைய இரும்பு. பழைய இரும்பு போனால் பினாயில். படுக்கையறை ஜன்னலுக்குக் கறுப்புத் திரை தைத்துப் போட்டேன். காலிங் பெல்லின் ஒயரைக் கழற்றிவிட்டேன். அதற்குப் பிறகு வருகிறவர்கள் எல்லாரும் கேட்டைத் தட்ட ஆரம்பித்தார்கள். எங்கள் கேட் இரும்பு. தட்டினால் தெருமுனை வரை கேட்கும். "தட்டாதீர்கள், போன் செய்யவும்" என்று நம்பரோடு எழுதி ஒட்டினேன். அதைப் படித்துக்கொண்டே தட்டினார்கள். கடைசியில் வாசலில் ஒரு கேமரா வைத்து, யாராவது வந்தால் என் போனில் தெரிகிற மாதிரி செய்தேன், அவர்கள் கையை ஓங்குவதற்கு முன்னால் கீழே ஓடிவிடலாம் என்று. சில நாள் ஜெயித்தேன்.

ஆடி மாதத்தில் ஒரு தடவை பொறுக்க முடியாமல் தெருமுனை அம்மன் கோவிலுக்குப் போனேன். கூம்பு ஸ்பீக்கர் நேராக எங்கள் ஜன்னலைப் பார்த்துக் கட்டியிருந்தது. விழாவை நடத்துகிறவர் இந்த ஊரின் பழைய குடும்பத்துக்காரர். எங்கள் காலனி நிலமே ஒரு காலத்தில் அவர்கள் நெல் போட்ட நிலம், இப்போது மணல், ஜல்லி வியாபாரம். நல்ல மனிதர்தான். உட்கார வைத்துக் கூழ் கொடுத்தார்.

"அண்ணே, மிஸஸ் நைட் ட்யூட்டி பார்த்துட்டு வந்து படுத்திருக்காங்க. கொஞ்சம் சவுண்டைக் குறைச்சா…"

"மேடம்தானே சார் பர்மிஷன் குடுத்தாங்க?" என்று ஆச்சரியமாகக் கேட்டார். ஸ்டேஷனில் கொடுத்த அனுமதிக் கடிதத்தை எடுத்துக் காட்டினார். கீழே என் மனைவியின் கையெழுத்து இருந்தது. கூழைக் குடித்துவிட்டுத் திரும்பி வந்தேன்.

சிரிப்பாகத்தான் சொல்கிறேன். ஆனால் அந்த வருஷம் அவள் மாறிக்கொண்டே வந்தாள். முதலில் வார்த்தைகள் காணாமல் போயின. "அதை எடுங்க… அதான்… கதவு திறக்கிறது" என்பாள். சாவி என்ற சொல் வராது. சாம்பாரில் உப்பைப் போட்டுவிட்டு, போட்டோமா என்ற சந்தேகத்தில் திரும்பப் போடுவாள். அவளுடைய பெரியப்பா இறந்தபோது ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை, கல் மாதிரி நின்றாள். அடுத்த வாரம் டிவியில் ஏதோ சமையல் போட்டியில் யாரோ ஒரு பெண்ணின் கேக் உடைந்துபோனதற்குத் தேம்பித் தேம்பி அழுதாள்.

மகள் அப்போது ஒன்பதாம் வகுப்பு. ட்யூஷன் முடிந்து ஒரு நாள் தாமதமாக வந்தாள். கேம்ப் ரோட்டில் டிராஃபிக். வாசலிலேயே விசாரணை ஆரம்பித்துவிட்டது.

"எந்த பஸ்? பக்கத்துல யார் உட்கார்ந்திருந்தா? முதல்ல ஒண்ணு சொன்ன, இப்போ வேற சொல்றியே?"

"அம்மா, நான் என்ன அக்யூஸ்டா?" என்று மகள் பையைத் தூக்கி எறிந்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

என் மனைவி சோபாவில் போய் உட்கார்ந்தாள். பிறகு என்னிடம் மெதுவாகச் சொன்னாள்: "எல்லாரும் பொய் சொல்ற மாதிரியே இருக்குங்க. ஸ்டேஷனுக்குப் புருஷன் அடிக்கிறான்னு ஒருத்தி வர்றா. முன்னாடியெல்லாம் பக்கத்துல உட்கார வச்சு டீ வாங்கிக் குடுத்துக் கேட்பேன். இப்போ அவ வாயைத் திறக்கும்போதே எரிச்சல் வருது. எப்படா முடிப்பான்னு இருக்கு."

"லீவு போடேன்."

"கேட்டேன். ஆள் பத்தலைன்னு சொல்லிட்டாங்க."

அதற்குப் பிறகுதான் ஸ்கூட்டர் விவகாரம். ஒரு நாள் காலை வேளச்சேரி ரோடு சிக்னலில் காலை ஊன்றி நின்றவள் அப்படியே தூங்கிவிட்டாள். பச்சை விழுந்து, பின்னால் எல்லாரும் ஹாரன் அடித்து, ஒரு ஆட்டோக்காரர் இறங்கி வந்து, "மேடம், மேடம்" என்று தோளைத் தொடாமல் ஹேண்டில்பாரைத் தட்டி எழுப்பியிருக்கிறார். இதை அவளே சொல்லவில்லை. அந்த ஆட்டோக்காரர் எங்கள் தெருக்காரர் என்பதால் தெரிந்தது. அன்றிலிருந்து ஸ்கூட்டர் சாவியை நான் எடுத்து வைத்துக்கொண்டேன். காரில் நானே கொண்டுபோய் விடுவது, நானே போய்க் கூட்டி வருவது. ஆபீஸ் மீட்டிங்கை ஸ்டேஷன் வாசலில் காரில் உட்கார்ந்தே நடத்துவேன்.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன்.

எங்கள் வீட்டுக்கு இன்னொரு சாபம் உண்டு. அடுத்த தெருவில் ஒரு பெரிய அபார்ட்மெண்ட். சாப்பாடு டெலிவரி செய்கிறவர்களின் மேப்பில் அதற்கான புள்ளி எங்கள் கேட்டின் மேல் விழுகிறது. அந்த அபார்ட்மெண்டில் யார் தோசை சொன்னாலும் எங்கள் கேட்தான் தட்டப்படும். மேப் கம்பெனிக்கு எழுதிப் பார்த்தேன். "உங்கள் கருத்துக்கு நன்றி" என்று பதில் வந்தது.

ஒரு செவ்வாய்க்கிழமை மதியம். என் மனைவி அப்போதுதான் வந்து படுத்திருந்தாள். நான் முக்கியமான ஓர் ஆபீஸ் மீட்டிங்கில் இருந்ததால் போனைக் கவனிக்கவில்லை. கேட் அதிர்ந்தது. ஓடினேன். முப்பத்தைந்து வயசு இருக்கும், தாடி, நெற்றியில் விபூதி, முதுகில் பெரிய பை.

"எழுதி ஒட்டியிருக்கேன், கண்ணு தெரியலையா?"

"இன்னா சார், ஏன் கத்துற? மேப்பு இங்கதான் காட்டுது. நான் இன்னா பண்றது?"

"தட்டாதேன்னு போட்டிருக்கு. படிக்கத் தெரியாதா?"

"படிச்சுட்டுத்தான் சார் தட்டுனேன். போன் பண்ணா எடுக்கமாட்டாங்கோ, எல்லார் வூட்லயும் அதான்."

குரல் ஏறிக்கொண்டே போனது. அவரும் விடவில்லை, நானும் விடவில்லை. நிமிர்ந்து பார்த்தால் மாடியில் கறுப்புத் திரை விலகி என் மனைவியின் முகம். எழுந்துவிட்டாள். அதைப் பார்த்ததும் எனக்கு ஆத்திரம் இன்னும் கூடியது. கடைசியில் அந்த ஆளுடைய போனை வாங்கி நானே அந்தக் கஸ்டமரைக் கூப்பிட்டு வழி கேட்டு, கையைக் காட்டி அனுப்பிவைத்தேன். மேலே வந்தால் அவள் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். "யாரு?" என்றாள். "எவனோ டெலிவரி. நீ படு" என்றேன். படுத்தாள். தூங்கினாளா என்று தெரியாது. கொஞ்ச நேரத்தில் ஸ்டேஷனிலிருந்து போன். பக்கத்துக் காலனியில் பால் வாங்கப் போன ஓர் அம்மாவின் செயினைப் பைக்கில் வந்தவன் பறித்துக்கொண்டு போய்விட்டான். உடனே வரச் சொன்னார்கள்.

அடுத்த சில நாள் அவளை நான் சரியாகப் பார்க்கவில்லை. மேலே இருந்து நெருக்குகிறார்கள் என்றாள். அந்த ஏரியாவில் இருக்கிற கடை, வீடு எல்லாவற்றிலும் இருந்து கேமரா பதிவுகளை வாங்கி வைத்துக்கொண்டு இரவெல்லாம் பார்த்திருக்கிறாள். ரவுண்ட்ஸ் போய் வந்து பார்ப்பது, பார்த்துவிட்டு ரவுண்ட்ஸ் போவது.

ஒன்று சொல்ல வேண்டும். முகங்களை மறக்காதவள் என்று அவளுக்கு ஸ்டேஷனில் பெயர் உண்டு. பேருந்து நிலையத்தில் நடந்துபோகிற ஒருவனைப் பார்த்து, பல வருஷத்துக்கு முன்னால் ஓடிப்போன ஆள் என்று பிடித்தவள். "மேடம் சொன்னா சரியா இருக்கும்" என்பார்கள். அவளுக்கு அதில் பெருமை உண்டு, எனக்கும் உண்டு.

வெள்ளிக்கிழமை மதியம் அவளைக் கூட்டிவரப் போனேன். நேரம் ஆகியும் வெளியே வரவில்லை. உள்ளே போனேன். வாசல் பாராவில் இருந்த காவலர் என்னைத் தெரிந்தவர். உற்சாகமாகச் சொன்னார்: "சார், செயின் கேஸ்ல ஆள் மாட்டிட்டான். மேடம்தான் பிடிச்சாங்க. காலையில டீக்கடையில பார்த்தாங்க, பார்த்ததும் இவன்தான்னுட்டாங்க."

உள்ளே ஒரே பிரியாணி வாசனை. சுவர் ஓரத்து பெஞ்சில் ஒரு ஆள் உட்கார்ந்திருந்தார். காலடியில் டெலிவரி பை. காலையில் எடுத்த ஆர்டர் அதற்குள்ளேயே ஆறிக்கொண்டிருந்தது. தலையைத் தூக்கி என்னைப் பார்த்தவர் துள்ளி எழுந்தார்.

"சார்! மேப்பு தப்பாக் காட்டுமே, அந்த வூட்டு சார்தானே நீங்க? சொல்லுங்க சார் இவங்களாண்ட! செவ்வாக்கெழமை மத்தியானம் உன் வூட்டாண்டதான சார் இருந்தேன்! என்னைப் பிடிச்சுக் கத்துனியே!"

"டேய், உட்காரு" என்றார் காவலர்.

"ஆப்புல பாருங்கன்னு காலைல இருந்து சொல்றேன் சார். யாரும் பாக்கமாட்டேன்றாங்கோ. மேடம் முகத்தைப் பார்த்துட்டாங்களாம்."

செவ்வாய்க்கிழமை மதியம். நான் பாதியில் விட்டு வந்த மீட்டிங், அதற்காக மேனேஜர் அனுப்பிய காட்டமான மெயில், எல்லாம் நினைவுக்கு வந்தது. அந்த அம்மாவின் செயின் போன நேரமும் அதுதான் என்று வீட்டில் பேச்சு அடிபட்டிருந்தது. என் மனைவி உள் அறையிலிருந்து வந்தாள். கண் இரண்டும் மிளகாய்ப் பழமாய் இருந்தது. ஆனால் முகத்தில் பல மாதமாக இல்லாத ஒரு தெளிவு, ஒரு வெற்றி. அதை எல்லார் முன்னாலும் உடைக்க எனக்கு மனம் வரவில்லை. "ஒரு நிமிஷம் வெளியே வா" என்றேன்.

ஸ்டேஷன் வளாகத்தில் பறிமுதல் செய்த வண்டிகள் துருப்பிடித்துக் கிடக்கிற இடத்துக்குப் போனோம்.

"அந்த ஆளை விடு. அவர் இல்லை."

"உங்களுக்கு என்ன தெரியும்?"

"செவ்வாய்க்கிழமை அந்த நேரத்துல நம்ம கேட்ல நின்னு என்கூடச் சண்டை போட்டுக்கிட்டிருந்தார்."

"இல்லைங்க. நான் ஃபுட்டேஜ்ல பார்த்தேன். எத்தனை தடவை பார்த்தேன் தெரியுமா? அந்த முகம் எனக்குத் தெரியும். பார்த்த உடனே எங்கேயோ பார்த்திருக்கேன்னு பட்டுச்சு. காலையில ஆளையே பார்த்ததும் உறுதியாயிடுச்சு."

"எங்கேயோ இல்லை. நம்ம வீட்டு ஜன்னல்லேருந்து பார்த்த."

"இல்லை."

"திரையை விலக்கிப் பார்த்த. நான் நிமிர்ந்து பார்த்தேன். யாருன்னு என்கிட்ட கேட்டியே."

அவள் முகம் சுருங்கியது. தேடினாள். அந்த மதியத்தை அவளால் எடுக்க முடியவில்லை என்பது எனக்குத் தெரிந்தது. சாவி என்ற சொல்லைத் தேடும்போது வருகிற அதே முகம். "நான் எழுந்திருக்கவே இல்லையே," என்றாள். பிடிவாதமாகச் சொல்லவில்லை. நிஜமாகவே அவளுக்குத் தெரியவில்லை.

போனை எடுத்து வாசல் கேமராப் பதிவைத் தேடி ஓட்டினேன். செவ்வாய்க்கிழமை. அந்த ஆள் தட்டுகிறார். நான் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு வெளியே வந்து கையை ஆட்டுகிறேன். ஒலியும் இருந்தது. என் குரல் இவ்வளவு கேவலமாக இருக்கும் என்று எனக்கே தெரியாது. மேலே ஓரத்தில் நேரம் இருந்தது.

முழுவதும் பார்த்தாள். மறுபடி ஓட்டச் சொன்னாள். பிறகு சிரித்தாள். ஒரு துருப்பிடித்த புல்லட்டின் சீட்டைப் பிடித்துக்கொண்டு, குனிந்து, சத்தமில்லாமல் தோள் குலுங்கச் சிரித்தாள். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "சிரிக்கிற விஷயமா இது? ஒரு மனுஷன் காலையிலேருந்து உள்ளே உட்கார்ந்திருக்கான்!" என்றேன். அவள் நிமிர்ந்தபோதுதான் பார்த்தேன், அது சிரிப்பு இல்லை. இல்லை, சிரிப்பும்தான். இரண்டும் ஒன்றாக வந்துகொண்டிருந்தது, அவளால் எதையும் நிறுத்த முடியவில்லை.

"நாளைக்கு ரிமாண்டுக்கு அனுப்பியிருப்பேங்க," என்றாள். "கோர்ட்ல நின்னு சத்தியம் பண்ணிச் சொல்லியிருப்பேன், இவன்தான்னு. எனக்கு ஒரு சந்தேகம்கூட வந்திருக்காது."

முகத்தைத் துடைத்துக்கொண்டு என் போனை வாங்கிக்கொண்டு நேராக இன்ஸ்பெக்டர் அறைக்குப் போனாள். கதவு திறந்தேதான் இருந்தது. இன்ஸ்பெக்டர் மேஜையில் முழங்கையை ஊன்றி நெற்றியைப் பிடித்துக்கொண்டிருந்தார். அவரும் முந்தின நாளிலிருந்து வீட்டுக்குப் போகவில்லை என்று பிறகு கேள்விப்பட்டேன்.

"ஐயா, அக்யூஸ்டு அவன் இல்லைங்கய்யா. நான் தப்பா அடையாளம் சொல்லிட்டேன்."

வீடியோவைப் பார்த்தார். கத்தினார். மேலே தகவல் சொல்லியாகிவிட்டது, என்ன பதில் சொல்வது என்று கத்தினார். பிறகு வீடியோவில் என் லுங்கியைப் பார்த்து, "இது யாரும்மா?" என்றார். "என் வீட்டுக்காரர் ஐயா" என்றாள். வாசலில் நின்ற என்னை ஏற இறங்கப் பார்த்தார். அப்புறம் குரல் இறங்கிவிட்டது. "அனுப்பிவிடும்மா," என்றார். "உனக்கும் ஒரு நாள் லீவு. எப்படியாவது தூங்கிட்டு வா."

அந்த டெலிவரிக்காரரிடம் அவள் மன்னிப்புக் கேட்டாள். எல்லார் முன்னாலும்தான் கேட்டாள். எழுத்து வேலை பார்க்கிற ரைட்டர் தலையைக் குனிந்துகொண்டார். போலீஸ் மன்னிப்புக் கேட்டால் எந்தப் பக்கம் பார்ப்பது என்று யாருக்கும் தெரியவில்லை.

"மன்னிப்பு கெடக்கட்டும் மேடம்," என்றார் அவர். பிடித்து வைத்திருந்த தன் போனைத் திரும்ப வாங்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். "ஆர்டரு கொண்டு போவலைன்னு ஐடி ஆஃப் பண்ணிட்டாங்கோ. செம பேஜாரு இது. திருடன் இல்லைன்னு உங்களாண்ட சொல்லிட்டேன், அந்தக் கம்பெனிக்காரங்களாண்ட எவன் சொல்றது?"

பிறகு என்னைப் பார்த்தார். "சார், நீ அன்னைக்கு ஒழுங்கா, மரியாதையாப் பேசியிருந்தீன்னா நான் உடனே கெளம்பியிருப்பேன். இன்னைக்கு உள்ள போயிருப்பேன்." பாராட்டுகிறாரா திட்டுகிறாரா என்று இன்று வரை எனக்குத் தெரியவில்லை.

அவருடைய ஐடியைத் திரும்ப உயிர்ப்பிக்க நான் பட்ட பாட்டைத் தனியாக எழுத வேண்டும். அந்தக் கம்பெனியில் மனிதர்களே இல்லை. சாட்டில் ஒரு இயந்திரம், "உங்கள் உணவு தாமதமானதற்கு வருந்துகிறோம்" என்றது. உணவு இல்லையம்மா, மனிதன் என்று எழுதினேன். கூப்பன் அனுப்பியது. கடைசியில் என் மனைவி ஸ்டேஷன் லெட்டர்பேடில் எழுதிக் கொடுத்து, நான் அலைந்து ஒரு கிளை அலுவலகத்தைக் கண்டுபிடித்து, அங்கே ஒரு பெண்ணிடம் கெஞ்சி வாங்கினேன். அவர் வேலைக்குத் திரும்பினார். அதுவரை சித்தாள் வேலைக்குப் போனாராம், எங்கள் பக்கத்து மனைக்குத்தான்.

நிஜமாகச் செயினைப் பறித்தவன் வேறொரு ஸ்டேஷனில் வேறொரு கேஸில் மாட்டினான். தாடியே இல்லாத ஆள். கேமராவில் தாடியாகத் தெரிந்தது, தாடைக்கு இழுத்துவிட்டிருந்த கறுப்பு மாஸ்க். அதை என்னிடம் சொன்னபோது என் மனைவி, "அந்த ஃபுட்டேஜை இப்போ பார்த்தா மாஸ்க்னு பளிச்சுன்னு தெரியுது. அன்னைக்கு எப்படித் தெரியாமப் போச்சு?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். என்னிடம் பதில் இருந்தது. ஆயிரம் தடவை சொன்னதுதான்.

இந்தச் சம்பவத்துக்குப் பிறகு ஏதாவது நடக்கும் என்று நினைத்தேன். நடந்தது. அவளை மன அழுத்தம் குறித்த ஒரு பயிலரங்குக்கு அனுப்பினார்கள். அவளுக்கு அபூர்வமாகக் கிடைத்த வார ஓய்வு நாளில். காலையில். ஏ.சி. ஹாலில், மெத்தை வைத்த நாற்காலியில், விளக்கை அணைத்துவிட்டு, மெல்லிய குரலில் ஒருவர் தூக்கத்தின் அவசியத்தைப் பற்றிப் படங்களோடு பேசியிருக்கிறார். ஹாலில் பாதிப் பேர் இரவு ட்யூட்டி முடித்து வந்தவர்கள். என்ன ஆகும்? வரிசை வரிசையாகச் சாய்ந்தார்கள். ஒரு ஏட்டு குறட்டையே விட்டிருக்கிறார். பின்னால் உட்கார்ந்திருந்த அதிகாரி எழுந்து, "இவ்வளவு முக்கியமான விஷயம் சொல்லிக்கிட்டிருக்காங்க, தூங்குறீங்களே, வெட்கமா இல்லை?" என்று திட்டியிருக்கிறார். என் மனைவி வீட்டுக்கு வந்து இதைச் சொல்லும்போது எங்கள் மகள் தரையில் உருண்டு சிரித்தாள். அம்மாவும் பெண்ணும் ஒன்றாகச் சிரித்து நெடுநாள் ஆகியிருந்தது. அந்த வகையில் பயிலரங்கால் பலன் உண்டு.

டாக்டரிடமும் கூட்டிப்போனேன். குரோம்பேட்டையில், தூக்கத்துக்கென்றே இருக்கிற டாக்டர். பொறுமையாகக் கேட்டார். உடம்பில் கோளாறு ஒன்றும் இல்லை, தூங்க விடாமல் செய்தால் எந்த மூளையும் இப்படித்தான் ஆகும், பார்த்ததையும் பார்க்காததையும் கலந்துவிடும், கோபத்துக்குப் பிரேக் இருக்காது என்றார். பிறகு, "தினமும் ஒரே நேரத்துல படுத்து ஒரே நேரத்துல எழுந்திருங்க" என்றார்.

என் மனைவி மேஜையிலிருந்த பேனாவை அவர் பக்கம் நகர்த்தினாள். "டாக்டர், இதை அப்படியே சீட்டுல எழுதி, கீழே எங்க ஐயா பேரைப் போட்டுத் தர முடியுமா? அவருக்கும் சேர்த்து," என்றாள்.

டாக்டர் எழுதித்தான் கொடுத்தார். அதை வைத்து அவள் மனுப் போட்டாள். மனு எங்கெங்கோ போய், பல மாதம் கழித்து, பாஸ்போர்ட் விசாரணை பார்க்கிற பகல் வேலைக்கு மாற்றினார்கள். கூட வேலை பார்ப்பவர்களில் சிலர், "மேடம் சொகுசுப் போஸ்டிங் பிடிச்சிட்டாங்க" என்று பேசினார்களாம். பேசட்டும். வார்த்தைகள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. மகளை விசாரிப்பது நின்றது. இறந்துபோன பெரியப்பாவுக்காக ஒரு நாள் உட்கார்ந்து அழுதாள். குற்றப் பிரிவை மட்டும் அவ்வப்போது ஏக்கமாகப் பேசுவாள். "நான் நல்லாப் பண்ணிக்கிட்டிருந்த வேலைங்க அது" என்பாள். உண்மைதான்.

ஆனால் பகல் வேலை என்பதும் காகிதத்தில்தான். தேர்தல் என்றால், கலவரம் என்றால், கட்சி மாநாடு என்றால் எல்லாரையும் அள்ளிக்கொண்டு போய்விடுவார்கள். போன மாதம் அப்படி ஒரு வாரம். ஞாயிற்றுக்கிழமை காலையில்தான் விட்டார்கள். நான் போய்க் கூட்டிக்கொண்டு வந்தேன். வீட்டுக்குப் போகும் வழியிலேயே சீட்டைச் சாய்த்துத் தூங்கிவிட்டாள். பக்கத்து மனையில் அன்று கான்கிரீட் போடுகிறார்கள் என்று எனக்குத் தெரியும். வீட்டுக்குப் போகாமல் காரைத் திருப்பி, மேடவாக்கம், சோழிங்கநல்லூர் வழியாகக் கோவளத்துக்கு ஓட்டினேன். மீன் விற்கிற இடத்தைத் தாண்டிக் கடற்கரை ஓரம் நிழலில் நிறுத்தி, ஏ.சி.யைக் குறைத்து வைத்துவிட்டு உட்கார்ந்தேன். காற்று நன்றாக இருந்தது. அவள் வாயைத் திறந்துகொண்டு தூங்கினாள்.

கண்ணாடியை யாரோ தட்டினார்கள். ஒரு இளம் காவலர். நான் விரலை உதட்டில் வைத்துக் காட்டிவிட்டு, சத்தமில்லாமல் இறங்கினேன்.

"இங்க நிறுத்தக் கூடாது சார்."

"உங்க டிபார்ட்மெண்ட்தான் தம்பி. எஸ்.ஐ. பந்தோபஸ்து முடிச்சு இப்பத்தான் தூங்குறாங்க."

உள்ளே எட்டிப் பார்த்தார். விறைப்பாக நின்றார், தூங்குகிறவளுக்குச் சல்யூட் அடிக்கலாமா என்று யோசித்தது தெரிந்தது. அவர் கண்ணும் சிவந்துதான் இருந்தது. "தூங்கட்டும் சார்," என்றார் மெதுவாக. பிறகு தலையைச் சொறிந்தார். "ஆனா வி.ஐ.பி. கான்வாய் வருது சார். வண்டி ஒண்ணும் நிக்கக் கூடாதுன்னு ஆர்டர். கொஞ்சம் நகர்த்திக்கிட்டே இருங்க சார், ப்ளீஸ்."

நகர்த்தினேன். ஈ.சி.ஆரில் மாமல்லபுரம் பக்கம் போனேன், திரும்பினேன், மறுபடி போனேன். வேகத்தடையில் ஆமை மாதிரி ஏறி இறங்கினேன். ஹாரன் அடித்தவர்களை மனசுக்குள் மட்டும் திட்டினேன். பெட்ரோல் முள் கீழே இறங்கிக்கொண்டே போனது. ஓர் இளநீர்க் கடைக்கு அருகில் அவள் தானாகக் கண் விழித்தாள். கடலைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"எங்கங்க இருக்கோம்?"

சொன்னேன். கான்கிரீட், காவலர், கான்வாய், எல்லாவற்றையும் சொன்னேன்.

கொட்டாவி விட்டாள். "வீட்டுக்கே போயிருக்கலாமேங்க," என்றாள். "கட்டில்ல படுத்து நல்லாத் தூங்கியிருப்பேன்."